லூப் ஓடும்போது எடுத்த டேட்டால இருந்து ஸ்டெப் ரெஸ்பான்ஸ் எடுக்க முடியுமா? விடை தலைகீழா வருது

தொட்டிச்சூடு:
வணக்கம் எல்லாருக்கும். லேப்ல ஒரு சின்ன செட்டப். 2 லிட்டர் தொட்டி, உள்ள 1 கிலோவாட் ஹீட்டர், ஒரு பக்கம் நிமிஷத்துக்கு 1 லிட்டர் பச்சைத்தண்ணி வருது, அதே அளவு இன்னொரு பக்கம் வெளிய போகுது, வெளிய போற குழாய்ல கொஞ்சம் தள்ளி டெம்பரேச்சர் சென்சார். சென்சாரைப் பாத்து ஹீட்டரை ஒரு பிஐ கன்ட்ரோலர் (செட்பாயின்ட்ல இருந்து இப்ப உள்ள விலகலையும், அது சேந்துக்கிட்டே வர்ற கூட்டலையும் வச்சு கணக்கு போடுறது) 0 டு 100% ஓட்டுது, இந்தச் சுத்துதான் லூப். 10 செகண்டுக்கு ஒரு சாம்பிள்னு நிறைய டேட்டா லாக் ஆகி இருக்கு, செட்பாயின்ட் மாத்தவே இல்ல, அது பாட்டுக்கு ஓடுது.

எனக்கு வேண்டியது இதுதான்: ஹீட்டரை திடீர்னு 10% ஏத்தினா டெம்பரேச்சர் எப்படி நகரும், எவ்வளவு நேரத்துல செட்டில் ஆகும், ஓவர்ஷூட், அதாவது நிக்க வேண்டிய இடத்தை தாண்டிப் போய் திரும்புறது, இருக்குமா. இதைத்தான் ஸ்டெப் ரெஸ்பான்ஸ்னு சொல்றேன். மாடல் ஈக்வேஷன் எதுவும் எழுதாம நேரா டேட்டால இருந்தே எடுக்கணும்னு பாத்தேன். இன்புட் ஹீட்டர் சதவீதம், அவுட்புட் டெம்பரேச்சர், ரெண்டுலயும் சராசரியை கழிச்சிட்டு, பைத்தான்ல 60 கோஎஃபிஷியன்ட் வச்சு லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல (எரரோட வர்க்கத்தைக் குறைக்கிற ஃபிட்) இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஒரே ஒரு சாம்பிள் இன்புட் தட்டினா அவுட்புட் எப்படி நகருதுங்கிறதை, எடுத்தேன். ஃபிட் 99%க்கு மேல காட்டுது. ஆனா முதல் கோஎஃபிஷியன்ட் -0.18, அடுத்து 0.0165, 0.015ன்னு சின்னச் சின்ன பாசிட்டிவ் நம்பரா குறைஞ்சுட்டே போகுது. எல்லாத்தையும் கூட்டி ஸ்டெப் ரெஸ்பான்ஸ் வரைஞ்சா, டெம்பரேச்சர் உடனே கீழ விழுந்து அப்புறம் மெதுவா பூஜ்யத்துக்கு வருது! ஹீட்டரை ஏத்தினா தண்ணி குளிருதுன்னு சொல்லுது. ஃபிட் இவ்வளவு நல்லா இருக்கும்போது விடை ஏன் இப்படி வரும்?

லூப்_பித்தன்:
கன்ட்ரோலரோட கெயினும் இன்டெக்ரல் டைமும் சொல்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, நம்பர் வந்தா உறுதி பண்ணிடலாம்.

தொட்டிச்சூடு:
கெயின் ஒரு டிகிரிக்கு 5%. இன்டெக்ரல் டைம் 100 செகண்ட். டெரிவேட்டிவ் இல்ல.

லூப்_பித்தன்:
நினைச்ச மாதிரியேதான். நீங்க கண்டுபிடிச்சது தொட்டியை இல்ல, கன்ட்ரோலரை. அதுவும் தலைகீழா கண்டுபிடிச்சிருக்கீங்க.

கொஞ்சம் பொறுமையா பாருங்க. செட்பாயின்ட் மாறல. அப்ப ஹீட்டர் ஏன் மாறுது? டெம்பரேச்சர் மாறுறதுனால மட்டும்தான். டெம்பரேச்சர் ஏன் மாறுது? உள்ள வர்ற தண்ணியோட சூடு மாறுது, சென்சார் நாய்ஸ், இந்த மாதிரி நீங்க லாக் பண்ணாத விஷயங்களால. கன்ட்ரோலர் அதைப் பாத்து ஹீட்டரை நகர்த்துது, அந்த உறவுல நாய்ஸே கிடையாது, ஏன்னா அது சாஃப்ட்வேர்ல போட்ட கணக்கு. இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல ரெண்டு பாதை இருக்கு, ஒண்ணு தொட்டி வழியா நாய்ஸோட, இன்னொண்ணு கன்ட்ரோலர் வழியா நாய்ஸே இல்லாம. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் எதைப் பிடிக்கும்? எரர் கம்மியா இருக்கிறதைத்தான் பிடிக்கும். அதனாலதான் உங்களுக்கு 99% ஃபிட். அந்த ஃபிட் நம்பரே இங்க சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

சரிபாத்துக்கலாம். பிஐ கணக்கை டெம்பரேச்சருக்கு திருப்பி எழுதினா, முதல் கோஎஃபிஷியன்ட் வர வேண்டியது, கெயினோட தலைகீழ் 1/5 = 0.2, அதை (1 + 10/100) அதாவது 1.1ஆல வகுத்தா 0.18, முன்னாடி மைனஸ். நீங்க போட்ட நம்பர் -0.18. அந்த ஸ்டெப் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 1/1.1 அளவுக்கு சுருங்கணும், அப்ப அடுத்த கோஎஃபிஷியன்ட் 0.18ல பதினொண்ணுல ஒரு பங்கு, 0.0165. அதுவும் அப்படியே பொருந்துது. தொட்டியைப் பத்தி ஒரு தகவல்கூட இதுல இல்ல.

இது உங்க டேட்டாக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல. ஃபீட்பேக் ஓடும்போது வெளியில இருந்து யாரும் எதையும் அசைக்கலன்னா, கோரிலேஷன் வழியா போனாலும் எஃப்எஃப்டி (சிக்னலை ஃப்ரீக்வன்சியா பிரிக்கிற கணக்கு) எடுத்து வகுத்தாலும் கடைசில வர்றது கன்ட்ரோலரோட மைனஸ் தலைகீழ்தான். டிஸ்டர்பன்ஸும் செட்பாயின்ட் மாற்றமும் கலந்து இருந்தா விடையும் ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது நிக்கும், அது இதைவிட ஆபத்து, பாக்க நியாயமா தெரியும்.

பொதுவா ஒரு டெஸ்ட் சொல்றேன், எல்லாரும் வச்சுக்கோங்க. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் எடுக்கும்போது நெகட்டிவ் லேக்கையும், அதாவது இன்புட்டுக்கு முந்தின நேரத்து அவுட்புட்டையும், சேத்து எடுங்க. இன்னைக்கு குடுக்கிற இன்புட் நேத்து டெம்பரேச்சரை மாத்த முடியாது. அங்க கான்ஃபிடன்ஸ் பேண்டை (நாய்ஸால மட்டும் வரக்கூடிய எல்லை) தாண்டி நம்பர் வந்தா, அவுட்புட்ல இருந்து இன்புட்டுக்கு ஏதோ ஒரு பாதை இருக்குன்னு அர்த்தம்.

படிப்படி:
இவ்வளவு சுத்த வேணாம் தம்பி. கன்ட்ரோலரை மேனுவல்ல போடுங்க, 50%ல நல்லா செட்டில் ஆகட்டும், 60%க்கு ஏத்துங்க, கர்வை பாருங்க. மொத்த ஏத்தத்துல 28.3% எப்ப வந்துச்சு, 63.2% எப்ப வந்துச்சுன்னு ரெண்டு நேரம் குறிச்சுக்கோங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1.5ஆல பெருக்கினா டைம் கான்ஸ்டன்ட் (சிஸ்டம் எவ்வளவு மெதுவா நகருதுங்கிற அளவு). 63.2% வந்த நேரத்துல இருந்து அந்த டைம் கான்ஸ்டன்ட்டை கழிச்சா டெட் டைம், அதாவது ஹீட்டரை மாத்தின பிறகு சென்சார்ல எதுவுமே தெரியாத நேரம். முடிஞ்சது. ஜீக்லர், நிக்கல்ஸ் 1942ல டேன்ஜென்ட் வரைஞ்சு பண்ணதைவிட இது எவ்வளவோ மேல், ஏன்னா டேன்ஜென்ட் எங்க வரையிறதுன்னு ஆளுக்கு ஆள் மாறும்.

எண்நோண்டி:
சார் சொல்ற மேனுவல் டெஸ்ட்ல எனக்கு மறுப்பு இல்ல, ஆனா ரெண்டு புள்ளி மட்டும் எடுக்கிறதுல இருக்கு. கணக்கு போட்டே காட்டுறேன்.

தொட்டில 2 லிட்டர், நிமிஷத்துக்கு 1 லிட்டர், அப்ப டைம் கான்ஸ்டன்ட் சுமாரா 2 நிமிஷம், 120 செகண்ட். கெயின்? நிமிஷத்துக்கு 1 லிட்டர்னா செகண்டுக்கு 16.7 கிராம், 4.18ஆல பெருக்கினா ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 70 வாட். ஹீட்டர்ல 1%னா 10 வாட். அப்ப ஒரு சதவீதத்துக்கு 0.143 டிகிரி. 10% ஏத்தினா மொத்தமே 1.43 டிகிரிதான் ஏறும். சென்சார் நாய்ஸ் 0.1 டிகிரின்னு வச்சுக்கோங்க. 28.3% இடத்துல கர்வோட சரிவு செகண்டுக்கு 0.0085 டிகிரி, அப்ப 0.1 டிகிரி நாய்ஸ்னா நேரத்துல 12 செகண்ட் பிசகும். 63.2% இடத்துல சரிவு இன்னும் கம்மி, 0.0044, அங்க 23 செகண்ட் பிசகும். ரெண்டையும் சேத்து 1.5ஆல பெருக்கினா டைம் கான்ஸ்டன்ட்ல கிட்டத்தட்ட 39 செகண்ட் பிசகு, 120க்கு 39! கர்வ் முழுசையும் ஃபிட் பண்ணா இது நல்லாவே குறையும், அதனால ஸ்டெப் டெஸ்ட் பண்ணா தயவுசெஞ்சு எல்லா சாம்பிளையும் யூஸ் பண்ணுங்க.

ஆனா அடிப்படை விஷயம் வேற. நீங்க எந்த இன்புட் குடுக்கிறீங்களோ அதுதான் ரெஸ்பான்ஸோட எந்தப் பகுதி உங்களுக்கு தெளிவா தெரியும்னு முடிவு பண்ணுது. ஸ்டெப்போட எனர்ஜி எல்லாம் லோ ஃப்ரீக்வன்சில குவிஞ்சிருக்கு. அதனால கடைசில எங்க போய் நிக்குதுன்னு, அதாவது கெயின், நல்லா தெரியும். முதல் 30, 40 செகண்ட்ல என்ன நடக்குது, டெட் டைம் 15ஆ 25ஆ, சென்சார் தனியா ஒரு லேக் (தாமதம்) சேக்குதா, இதெல்லாம் ஹை ஃப்ரீக்வன்சி விஷயம், ஸ்டெப்ல அங்க எனர்ஜி கம்மி, நாய்ஸ்ல மறைஞ்சிடும். ட்ரான்சியன்ட்னு நாம பேசுறதே பெரும்பாலும் அந்த ஆரம்பப் பகுதியைத்தான்.

அதனால பிஆர்பிஎஸ் (சூடோ ரேண்டம் பைனரி சீக்வன்ஸ்) குடுங்கன்னு சொல்றேன். ரெண்டே லெவல், 40%, 60%, பாக்க ரேண்டமா மாறும், ஆனா திரும்பத் திரும்ப வர்ற ஒரு சீக்வன்ஸ். 7 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்னா நீளம் 127. ஒரு பிட்டை எவ்வளவு நேரம் பிடிக்கணும்னு கேட்டா, அதுல வர்ற மிக நீளமான பல்ஸ் 7 பிட், அது சிஸ்டத்தோட ரைஸ் டைம் அளவுக்காவது இருக்கணும். ரைஸ் டைம் டைம் கான்ஸ்டன்ட்ல 2.2 மடங்கு, 264 செகண்ட். 40 செகண்ட் பிடிச்சா 280 வருது, சரியா இருக்கு. ஒரு சுத்து 127 × 40 = 5080 செகண்ட், ஒண்ணே கால் மணி நேரத்தை தாண்டி, ஒன்றரை மணிக்குள்ள. மேல ஃப்ரீக்வன்சி பக்கம் பவர் பாதியா குறையிற இடம் 0.44/40, அதாவது 0.011 ஹெர்ட்ஸ். தொட்டியோட கார்னர் (அதுக்கு மேல ரெஸ்பான்ஸ் குறைய ஆரம்பிக்கிற ஃப்ரீக்வன்சி) 0.0013. எட்டு மடங்கு இடம் இருக்கு, போதும்.

படிப்படி:
கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். பெரிய பிளான்ட்ல ஆபரேட்டர்கிட்ட போய் ஒன்றரை மணி நேரம் ஹீட்டரை மேலயும் கீழயும் தட்டப் போறேன்னு சொன்னா விடமாட்டார். விட்டாலும் நடுவுல வேற யாராவது எதையாவது மாத்திடுவாங்க. ஸ்டெப்புக்கு ஒரு பலம் இருக்கு, கண்ணுக்கு நேரா தெரியும். வால்வ் ஒட்டிக்கிட்டு நிக்குதா, சாச்சுரேட் ஆகுதா (எல்லையை முட்டி நிக்குதா), நடுவுல டிஸ்டர்பன்ஸ் வந்துச்சா, கர்வை பாத்தாலே சொல்லிடலாம். பிஆர்பிஎஸ் டேட்டாவை வெறும் கண்ணால பாத்தா ஒண்ணும் புரியாது, அப்படியே சாஃப்ட்வேர்ல போட்டு வர்ற படத்தை நம்பணும். அதனால முதல்ல ஏத்தி ஒண்ணு, இறக்கி ஒண்ணு, ரெண்டு ஸ்டெப் பண்ணிட்டு அதுக்கப்புறம் பிஆர்பிஎஸ் போங்கன்னு சொல்வேன். ஏத்தறதும் இறக்கறதும் ஒரே மாதிரி வருதான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

மின்மாணவி:
ஹீட்டர் சிஸ்டம்ல சூடாகுறது வேகமா இருக்கும், ஆறுறது மெதுவா இருக்கும்னு சொல்லுவாங்களே, அப்ப எப்பவுமே ரெண்டும் வேற வேறதானே வரும்?

லூப்_பித்தன்:
லூப் மூடி இருக்கும்போது அப்படித் தெரியும்மா. செட்பாயின்ட்டை ஏத்தினா கன்ட்ரோலர் ஹீட்டரை 100% வரைக்கும் தள்ள முடியும், இறக்கினா 0க்கு கீழ போக முடியாது, குளிர வைக்க ஆளில்ல. அந்த வித்தியாசம் சாச்சுரேஷனால வர்றது. மேனுவல்ல 50ல இருந்து 60, 60ல இருந்து 50 போனா, சூடு வெளிய போற வழி டெம்பரேச்சர் வித்தியாசத்துக்கு நேர் விகிதமா இருக்கிற வரைக்கும் ரெண்டு கர்வும் தலைகீழா திருப்பினா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். ஆவியாகுறது அதிகமான சூட்டுல மட்டும் கொஞ்சம் விலகும். படிப்படி சார் சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் ஸ்டெப் பண்ணி ஒண்ணா வச்சுப் பாக்குறது அருமையான பழக்கம், லீனியர்னு நம்பலாமா வேணாமான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

தொட்டிச்சூடு:
மேனுவல்ல போட்டு ரெண்டு ஸ்டெப்பும் பண்ணேன், ரெண்டும் பொருந்துது. அப்புறம் எண்நோண்டி அண்ணா சொன்ன பிஆர்பிஎஸ், 40-60%, ஒரு முழு சுத்து. அதே 60 கோஎஃபிஷியன்ட் லீஸ்ட் ஸ்கொயர்ஸ்.

இப்ப ஸ்டெப் ரெஸ்பான்ஸ் மேல போகுது, ரொம்ப நிம்மதி. ஆனா இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை பாத்தா ரம்பப்பல் மாதிரி இருக்கு. பொதுவான வடிவம் தெரியுது, அதுமேல ஒரு ஜிக்ஜாக், அந்த ஜிக்ஜாக் கன்னாபின்னான்னு இல்ல, சில இடத்துல ரெண்டு சாம்பிளுக்கு ஒரு தடவை மேல கீழ, சில இடத்துல நாலு சாம்பிளுக்கு ஒரு சுத்துன்னு ஒழுங்கா வருது. தொட்டில நிஜமாவே ஏதாவது அலை இருக்கா?

எண்நோண்டி:
இல்ல, தொட்டில அலை இல்ல. அந்த நாலும் ரெண்டும் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. நீங்க ஒரு பிட்டை 40 செகண்ட் பிடிக்கிறீங்க, சாம்பிள் 10 செகண்ட். அதாவது இன்புட் எப்பவும் நாலு சாம்பிளுக்கு மாறாம நிக்குது. அப்படி நிக்கிற சிக்னலோட ஸ்பெக்ட்ரம் 1/40 ஹெர்ட்ஸ்லயும் அதோட இரட்டிப்புலயும் பூஜ்யமா விழும். 10 செகண்ட் சாம்பிள்ல 1/40ங்கிறது நாலு சாம்பிளுக்கு ஒரு சுத்து, 1/20ங்கிறது ரெண்டு சாம்பிளுக்கு ஒரு சுத்து. அந்த ரெண்டு ஃப்ரீக்வன்சியையும் நீங்க தொட்டிகிட்ட கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்கு லீஸ்ட் ஸ்கொயர்ஸ் நாய்ஸை வச்சு பதில் எழுதிடுச்சு. மேட்ரிக்ஸ் சிங்குலர் ஆகல, அதனால எரர் மெசேஜும் வரல, ஆனா அந்தத் திசைல கண்டிஷனிங் ரொம்ப மோசம்.

கோவேரியன்ஸ் (கோஎஃபிஷியன்ட்ல பிசகு எவ்வளவுன்னு சொல்றது) பாத்தீங்கன்னா தெரியும். நாய்ஸ் வேரியன்ஸை இன்புட் மேட்ரிக்ஸோட தலைகீழால பெருக்கினது அது. ஒயிட் இன்புட்டா (எல்லா ஃப்ரீக்வன்சியும் சமமா உள்ளது) இருந்திருந்தா, ±10%, 508 சாம்பிள், நாய்ஸ் 0.1 டிகிரின்னா ஒவ்வொரு கோஎஃபிஷியன்ட்லயும் பிசகு 0.1/(10 × 22.5), சுமார் 0.00044. இம்பல்ஸோட உச்சி 0.011 பக்கம் வரும், அப்ப ரொம்ப சுத்தமா தெரிஞ்சிருக்கும். ஆனா ஸ்டெப்புக்காக 60ஐயும் கூட்டும்போது பிசகும் சேரும், 60ஓட வர்க்கமூலம் 7.75 மடங்கு, 0.0034. கெயின் 0.143க்கு 2.4%. இப்ப நாலு சாம்பிள் பிடிச்சதுனால லோ ஃப்ரீக்வன்சில பவர் நாலு மடங்கு ஏறி இருக்கு, கடைசி மதிப்போட பிசகு பாதியா குறையும், அதுக்கு பதிலா தனித்தனி கோஎஃபிஷியன்ட் மோசமாகும். ஒரு பக்கம் வாங்கினா இன்னொரு பக்கம் குடுக்கணும். அதனாலதான் இன்புட்டை முதல்ல யோசிங்கன்னு விடாம சொல்றேன்.

தீர்வு ரெண்டு. ஒண்ணு, சாம்பிளை கூட்டி 40 செகண்டுக்கு மாத்தி கோஎஃபிஷியன்ட்டை 15 ஆக்குறது, ஆனா டெட் டைம் விவரம் போயிடும், எனக்கு இஷ்டமில்ல. ரெண்டு, ரெகுலரைசேஷன், அதாவது விடை எப்படி இருக்கணும்னு தெரிஞ்சதையும் ஃபிட்ல சேக்கிறது. சும்மா ரிட்ஜ் போட்டா எல்லா கோஎஃபிஷியன்ட்டையும் சமமா சுருக்கும், அது நமக்கு தெரிஞ்சதை யூஸ் பண்ணாத வேலை. நமக்கு என்ன தெரியும்? ஸ்டேபிள் சிஸ்டத்தோட இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் நேரம் போகப் போக தேயும், பக்கத்துப் பக்கத்து கோஎஃபிஷியன்ட் திடீர்னு குதிக்காது. இந்த ரெண்டையும் ஒரு கெர்னலா எழுதலாம். ஐயாவது கோஎஃபிஷியன்ட்டுக்கும் ஜேயாவதுக்கும் நடுவுல கோவேரியன்ஸ், ரெண்டுல எது பெருசோ அந்த நம்பர் வரைக்கும் லாம்டாவை அடுக்கினது, லாம்டா 1ஐவிட கம்மி. இதுக்குப் பேர் டியூன்டு கோரிலேட்டட், சுருக்கமா டிசி (TC) கெர்னல். பிலோனெட்டோ, டி நிக்கோலாவோ 2010ல ஸ்டேபிள் ஸ்ப்லைன்னு கொண்டு வந்தது, அப்புறம் சென், ஓல்சன், யூங் 2012ல விரிச்சு எழுதினது எல்லாம் இந்த வழிதான். லாம்டாவையும் அளவையும் கையால வைக்க வேணாம், மார்ஜினல் லைக்லிஹூட் (அந்த மதிப்பு வச்சா இந்த டேட்டா வர்ற வாய்ப்பு) மேக்ஸிமைஸ் பண்ணி டேட்டால இருந்தே எடுத்துக்கலாம். மேட்லாப்ல இம்பல்ஸ் எஸ்டிமேஷன் ஃபங்ஷன் இதைத்தான் உள்ள பண்ணுது, பைத்தான்ல நீங்களே எழுதினா சின்ன வேலைதான்.

அதிர்வுமேடை:
நான் மெக்கானிக்கல் பக்கம், பீம், சட்டம், ரோட்டார் இதெல்லாம். எங்க சிஸ்டம் எல்லாம் லேசா டேம்ப் ஆனது, தட்டினா ரொம்ப நேரம் ஆடும், உங்களோடது நல்லா டேம்ப் ஆனது, அதனால பழக்கம் கொஞ்சம் மாறும். எங்களுக்கு நேரா இம்பல்ஸே குடுக்க முடியும், சுத்தியலால தட்டி ஃப்ரீ டீகேவை ரெக்கார்ட் பண்ணா போதும். அஞ்சு சுத்துல அலையோட உயரம் பாதியானா, லாகரித்மிக் டிக்ரிமென்ட் 0.693/5 = 0.139, அதை 6.28ஆல வகுத்தா டேம்பிங் ரேஷியோ 0.022. ஒரே ஒரு மோட் (அதிர்வு வகை) தெரியும்போது இது அற்புதமா வேலை செய்யும், ரெண்டு மோட் பக்கத்துப் பக்கத்துல இருந்தா தப்பா காட்டும்.

அப்ப நான் பண்றது, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை ஹேங்கல் மேட்ரிக்ஸ்ல (ஒவ்வொரு வரிசையும் ஒரு சாம்பிள் நகர்ந்தது) அடுக்கி சிங்குலர் வேல்யூ எடுக்கிறது. ஹோ, கால்மன் 1966ல சொன்ன யோசனை, ஜுவாங், பப்பா 1985ல ஐஜென்சிஸ்டம் ரியலைசேஷன்னு நாய்ஸ் உள்ள டேட்டாக்கு கொண்டு வந்தாங்க. எத்தனை சிங்குலர் வேல்யூ பெருசா நிக்குதோ அதுதான் ஆர்டர், அதாவது சிஸ்டத்துல எத்தனை தனி இயக்கம் இருக்குங்கிறது. தொட்டிச்சூடு, உங்க ரெகுலரைஸ் பண்ண இம்பல்ஸை அப்படி அடுக்கிப் பாருங்க, தொட்டி ஒண்ணு, சென்சார் லேக் ஒண்ணுன்னு ரெண்டு நல்லா தெரியணும். டெட் டைமை முதல்லயே வெட்டி எடுத்துடுங்க, இல்லன்னா அதுவே இன்னும் சில சிங்குலர் வேல்யூவை தின்னுடும்.

மின்மாணவி:
ஒரு அடிப்படைக் கேள்வி. பிஆர்பிஎஸ்ல அவுட்புட் எப்பவும் செட்டில் ஆகவே இல்ல, மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கு. அப்புறம் எப்படி செட்டிலிங் டைமும் ஓவர்ஷூட்டும் அதுல இருந்து தெரியும்?

எண்நோண்டி:
ஒவ்வொரு நேரத்துலயும் நீங்க பாக்குற டெம்பரேச்சர், கடந்த 10 நிமிஷத்துல நடந்த எல்லா மாற்றத்தோட எச்சமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த கூட்டல். லீனியரா இருக்கிறதுனால கூட்டலைப் பிரிக்க முடியும். இன்புட் மாறின வரிசை நமக்கு தெரியும், அந்த வரிசை தன்னோடயே நகர்த்தி வச்சா பொருந்தாத மாதிரி அமைச்சது, அதனால 30 செகண்ட் முன்னாடி நடந்ததோட எச்சத்தையும் 200 செகண்ட் முன்னாடி நடந்ததோட எச்சத்தையும் தனித்தனியா பிரிச்சிடலாம். 600 செகண்டுக்கு கோஎஃபிஷியன்ட் எடுத்தா 600 செகண்ட் வரைக்கும் நடக்கிறது தெரியும், டைம் கான்ஸ்டன்ட் 120க்கு அது அஞ்சு மடங்கு, அங்க 99%க்கு மேல செட்டில் ஆகி இருக்கும். ஒரே ஒரு கண்டிஷன், லீனியரா இருக்கணும். சாச்சுரேட் ஆனா இந்தப் பிரிப்பு செல்லாது.

தொட்டிச்சூடு:
ரெகுலரைசேஷன் போட்டேன், ஜிக்ஜாக் போயிடுச்சு! முதல் ரெண்டு கோஎஃபிஷியன்ட் கான்ஃபிடன்ஸ் பேண்டுக்குள்ள, மூணாவதுல இருந்து வெளிய. அப்ப டெட் டைம் 20 செகண்ட் பக்கம்னு எடுத்துக்கலாம்தானே. ஹேங்கல்லயும் அதிர்வுமேடை அக்கா சொன்ன மாதிரி ரெண்டு பெருசு, மத்ததெல்லாம் கீழ.

ஒரே ஒரு குழப்பம் பாக்கி. ஸ்டெப் ரெஸ்பான்ஸ் 0.15 வரைக்கும் ஏறி, அப்புறம் 400 செகண்டுக்கு மேல மெதுவா 0.135க்கு இறங்குது. அதாவது 11% ஓவர்ஷூட். நிஜமா?

லூப்_பித்தன்:
நம்பாதீங்க. ஒரு தொட்டி, அதுக்குப் பின்னாடி சென்சார் லேக், ரெண்டும் வரிசையா இருந்தா ஓபன் லூப்ல ஓவர்ஷூட் வர வழியே இல்ல. 11%க்கு டேம்பிங் ரேஷியோ 0.57 வேணும், சூட்டை சேத்து வைக்கிற ரெண்டு பொருள் அடுத்தடுத்து இருந்தா அது ஊசலாடாது. இன்னொண்ணு, எண்நோண்டி போட்ட கணக்குப்படி எந்த நஷ்டமும் இல்லாத கெயினே 0.143தான். சுவர் வழியா கொஞ்சம் சூடு போகும், அதனால நிஜ கெயின் அதைவிட கம்மியாத்தான் இருக்கணும். 0.15னா ஃப்ளோ மீட்டர் தப்பு காட்டணும், இல்ல வேற ஏதோ உள்ள நுழைஞ்சிருக்கணும். உள்ள வர்ற தண்ணியோட டெம்பரேச்சர் லாக் பண்ணீங்களா?

தொட்டிச்சூடு:
பண்ணி இருக்கேன் சார், ஆனா யூஸ் பண்ணல. இப்ப பாத்தா அந்த ஒன்றரை மணி நேரத்துல அரை டிகிரிக்கு மேல ஏறி இறங்கி இருக்கு.

லூப்_பித்தன்:
அதுதான். ±10%க்கு அவுட்புட் ஆடுறதே ±1.4 டிகிரிதான், அதுல அரை டிகிரி மெதுவா ஊர்ந்து வந்தா ஸ்டெப்போட வால் பகுதிலதான் போய் உக்காரும். அதை ரெண்டாவது இன்புட்டா சேருங்க, அதுக்கும் தனியா ஒரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், ரெண்டையும் ஒரே லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல. ரெண்டாவதோட ஸ்டெப் 1க்கு கொஞ்சம் கீழ போய் நிக்கணும், ஏன்னா உள்ள ஒரு டிகிரி ஏறினா வெளியயும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். அது உங்களுக்கு இலவசமா கிடைக்கிற சரிபார்ப்பு. வெறும் ட்ரெண்டை நேர்கோடா எடுத்து கழிச்சிடலாம்னு சிலர் சொல்லுவாங்க, அளந்த சிக்னல் கையில இருக்கும்போது அதை ஏன் யூகிக்கணும்.

உலைக்காரன்:
இடையில நுழையறேன், மன்னிக்கணும். எங்களோடது பெரிய உலை, மேனுவல்ல போட வாய்ப்பே இல்ல. பல மாச ஹிஸ்டோரியன் (பிளான்ட் டேட்டாவை சேமிச்சு வைக்கிற சாஃப்ட்வேர்) டேட்டா இருக்கு. இந்த வழியெல்லாம் அதுல பலிக்குமா?

படிப்படி:
ஹிஸ்டோரியன்ல முதல்ல கம்ப்ரஷன் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் இருக்கும். மதிப்பு ஒரு அளவுக்கு மேல மாறினாதான் சேமிக்கும், நடுவுல நேர்கோடு போட்டு நிரப்பிக் குடுக்கும். ஜூம் பண்ணி ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்க, டெம்பரேச்சர் ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி நேர்நேரா கோடா இருந்தா அதுல ட்ரான்சியன்ட் செத்துப் போச்சு. எந்த அல்காரிதமும் அதை உயிர்ப்பிக்காது. கம்ப்ரஷனை நிறுத்திட்டு புதுசா லாக் பண்ணுங்க.

லூப்_பித்தன்:
அதோட, லூப் மூடியே இருக்கணும்னா செட்பாயின்ட்ல சின்ன பிஆர்பிஎஸ் குடுங்க, இல்ல கன்ட்ரோலர் அவுட்புட்டோட ஒண்ணு கூட்டுங்க, ஆபரேட்டர் கவலைப்படாத அளவுக்கு. வெளிய இருந்து ஒரு அசைவு வேணும், அது இல்லாம எத்தனை மாச டேட்டா இருந்தாலும் தொட்டிச்சூடுக்கு முதல்ல வந்த விடைதான் உங்களுக்கும் வரும். அசைவு இருந்தா ரெண்டு வழி. ஹை ஆர்டர் ஏஆர்எக்ஸ் (பழைய அவுட்புட்டையும் இன்புட்டையும் வச்சு இப்ப உள்ள அவுட்புட்டை சொல்ற மாடல்), அது டிஸ்டர்பன்ஸோட நிறத்தையும் சேத்து மாடல் பண்றதுனால லூப் மூடி இருந்தாலும் சரியா வரும், ஆர்டர் தாராளமா வைக்கணும். இல்லன்னா வான் டென் ஹாஃப், ஷ்ராமா 1993ல சொன்ன ரெண்டு கட்ட வழி: முதல்ல நீங்க குடுத்த அசைவுல இருந்து இன்புட்டை மாடல் பண்ணுங்க, அந்த மாடல் சொல்ற நாய்ஸ் இல்லாத இன்புட்டை வச்சு அடுத்து பிளான்ட்டை எடுங்க. எனக்கு இது பிடிக்கும், ஒவ்வொரு கட்டத்தையும் தனியா படம் போட்டு பாக்கலாம்.

பழைய டேட்டால செட்பாயின்ட் மாத்தின நேரங்கள் இருந்தா அதை மட்டும் தேடி வெட்டி எடுங்க. நாலஞ்சு நல்ல மாற்றம் பல மாச அமைதியான டேட்டாவைவிட மதிப்பு.

தொட்டிச்சூடு:
ரெண்டு இன்புட் வச்சு எடுத்துட்டேன். இப்ப ஓவர்ஷூட் இல்ல, 0.138ல நிக்குது, உள்ள வர்ற தண்ணியோட ஸ்டெப் 0.96. பிஆர்பிஎஸ் டேட்டாவை தொடாம, முன்னாடி மேனுவல்ல பண்ண ஸ்டெப் மேல இந்த ரெஸ்பான்ஸை ஓட்டிப் பாத்தேன், பாக்கி எரர்ல வடிவம் எதுவும் இல்ல, இன்புட்டோட கோரிலேஷனும் பேண்டுக்குள்ள.

கடைசியா ஒண்ணு, தண்ணி ஃப்ளோவை நிமிஷத்துக்கு அரை லிட்டரா குறைச்சும் ஓட்ட வேண்டி வரும். இதே ரெஸ்பான்ஸை வச்சுக்கலாமா?

எண்நோண்டி:
0.138ம் 0.96ம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது, ரெண்டுமே சூட்டுல 4% பக்கம் சுவர் வழியா போகுதுன்னு சொல்லுது. அருமை.

ஃப்ளோ குறைஞ்சா வச்சுக்க முடியாது. தொட்டியோட டைம் கான்ஸ்டன்ட் கொள்ளளவை ஃப்ளோவால வகுத்தது, பாதி ஃப்ளோல 240 செகண்ட் ஆகும், கெயினும் நஷ்டத்தை விட்டா 0.287 ஆகும், குழாய்ல தண்ணி மெதுவா போறதுனால டெட் டைமும் கூடும். அந்த ஃப்ளோல தனியா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. பிட்டை 80 செகண்ட் பிடிங்க, கெயின் இரட்டிப்பானதுனால ±10%க்கு பதிலா ±5% போதும், சாம்பிளை 20 செகண்டுக்கு மாத்திக்கோங்க, 60 கோஎஃபிஷியன்ட் அப்படியே இருக்கட்டும். ஒரு சுத்து கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிஷம் ஆகும், உள்ள வர்ற தண்ணியோட சென்சார் ஓடுதான்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.